முழங்கால் கொடுத்துத் திறக்கும் கேட்

ஆட்டாதே, ஆட்டாதே! ஆட்டினால் அது திறக்காது. இடது முழங்காலைக் கீழ்க் கம்பிக்கு முட்டுக் கொடு. கொடுத்தாயா? இப்போது மேலே ஒரு தூக்குத் தூக்கி உள்ளே தள்ளு. முட்டு என்றேன், உதை என்று சொல்லவில்லை. ஆங், அப்படித்தான். பரவாயில்லையே, சட்டென்று பிடித்துக்கொண்டாய். கொரியர் கொண்டுவருகிறவன் வருஷக்கணக்காக வருகிறான், இன்றைக்கும் பார்சலை மதில் மேல் வைத்துவிட்டுத்தான் ஓடுகிறான்.

வா, உள்ளே வா. செருப்பு வெளியே. இப்போதுதான் துடைத்தேன். நீதானே மெட்ராஸிலிருந்து வந்த பிள்ளை? என் மகன் அஜின் போன் பண்ணினான். ‘அம்மா, என்கூடப் படிச்ச பொண்ணு, டிசம்பர் மாசம் நாகர்கோவிலில் என்னென்ன பார்க்கலாம், எதெல்லாம் ரசிக்கலாம்னு பத்திரிகையில் எழுதப் போறா. கொஞ்சம் சொல்லிக் கொடு. திட்டாம சொல்லு’ என்றான். திட்டாமல் சொல்லு! பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு பெற்ற தாய்க்கு என்ன பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறான் பார்.

அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்கார், சிவப்பு உறை போட்டதில். வெல்வெட்தான். தடவிப் பார்க்கிறாய், எல்லாரும் தடவித்தான் பார்க்கிறார்கள். பக்கத்தில் பை மாதிரி தொங்குகிறதே, அதில் கையை விடாதே, எறும்பு இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமைதான் துவைத்துப் போட்டேன். மறுபடி எறும்பு. வெறும் துணியில் அதுகளுக்கு என்ன கிடைக்கிறதோ.

போனில் ரெக்கார்ட் பண்ணுகிறாயா? பண்ணிக்கொள். நான் முழு வாக்கியமாகத்தான் பேசுவேன், எழுத உனக்குச் சுலபம். கான்வென்டில் சிஸ்டர் எவுலாலியா என்று ஒருவர் இருந்தார். பாதி வாக்கியத்தில் நிறுத்தினால் ஸ்கேல் விரலில் விழும். ‘ஐடா, ஆரம்பித்ததை முடி’ என்பார். அந்தப் பழக்கம். ஆரம்பித்ததை முடிக்காமல் போகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. என் வீட்டுக்காரர் அப்படித்தான். அதோ, போட்டோவில் இருக்கிறார் பார், ஜெபசிங். போன வருஷம் ஆகஸ்டில். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவப் போனவர். குழாயைக்கூட மூடவில்லை.

சரி, எழுது. முதலில் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா. நீ பிந்திவிட்டாய், அது டிசம்பர் பிறந்த கையோடு முடிந்துவிடும். மாவட்டத்துக்கே லீவு. மதம் கிதம் பார்க்காமல் ஊரே போகும், உப்பும் மிளகும் வாங்கிப் போடும், தேர் பார்க்கும், வளையல் கடையில் மிதிபடும். நாங்கள் சி.எஸ்.ஐ., எங்களுக்கு அந்த வழிபாடு எல்லாம் கிடையாது. வளையல் கடை உண்டு. அடுத்தது சுசீந்திரம் மார்கழித் தேர். அதையும் எழுது. வேதக்காரிக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதே. தேர் நகரும்போது காலுக்குக் கீழே தரை உறுமும். அதை ஒரு தரம் கேட்டவர்கள் திரும்பக் கேட்கப் போவார்கள், அவ்வளவுதான். கல்யாணம் ஆன புதிதில் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். போய், பலூன்காரன் பக்கத்தில் நின்று தேர்ச் சக்கரத்தை ஒரு தாளில் வரைந்துகொண்டிருந்தார். நான் பாட்டுக்குக் கூட்டத்தில் தொலைந்துபோய், பூக்கடைக்காரியிடம் வழி கேட்டு வந்தேன். பொதுப்பணித் துறையில் வரைவாளர். ஆபீஸில் வரைந்தது போதாதாம்.

பிறகு குடில் பார்க்கிறது. தெருத் தெருவாகக் குடில் போடுவார்கள், அருவி எல்லாம் ஓடும், பெத்லகேமில் எங்கிருந்து அருவி வந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. அசனம் உண்டு. சபை மொத்தமும் ஒரே பந்தலில் உட்கார்ந்து ஆட்டுக்கறிச் சோறு. அதைச் சாப்பிட்டுவிட்டு எழுது, சாப்பிடாமல் எழுதினால் பொய்யாக இருக்கும்.

அப்புறம் கேரல். கேரல் ரவுண்ட்ஸ். நாளைக்குச் சாயங்காலம் எங்கள் சபைக் கேரல். அதைப் பார்க்காமல் நீ ரயிலேறினால் டிசம்பரைப் பற்றி எழுதவே வேண்டாம்.

நீ என்ன நினைக்கிறாய், நாலு பேர் வந்து பாடிவிட்டுப் போவார்கள் என்றா? ஒரு லாரி. லாரி முழுக்க சீரியல் லைட், அதற்கு ஒரு ஜெனரேட்டர். முன்னால் டிரம், ஆர்மோனியம், பாட்டுக்காரப் பிள்ளைகள். எல்லாருக்கும் முன்னால் தாத்தா. கிறிஸ்துமஸ் தாத்தா. சிவப்புக் கோட்டு, பஞ்சுத் தாடி, கன்னம் சிவந்த பிளாஸ்டிக் முகம், வயிற்றில் தலையணை. மைக் சீக்கிரம் நிறுத்த வேண்டும் என்று போலீஸ் சொன்ன பிறகு பொழுது இருக்கும்போதே கிளம்பிவிடுகிறார்கள். எங்கள் தெருதான் முதல் தெரு. விளக்கு வைக்கிற நேரத்துக்கு இங்கே இருப்பார்கள்.

அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு, அதை எழுது, உங்கள் ஊரில் கிடையாது. தாத்தா பேசக் கூடாது. முகமூடிக்குள் யார் என்று கேரல்காரர்களைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. பெண்டாட்டிக்கும் சொல்லக் கூடாது, சபைப் போதகர் ஐயருக்கும் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த வருஷம் கோட்டைப் பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். பிள்ளைகள் தாத்தாவைக் கண்டுபிடிக்கப் பாட்டுப் புஸ்தகத்தை விட்டுவிட்டுச் செருப்பைத்தான் பார்ப்பார்கள். அதனால் தாத்தா வெறுங்காலில் வருவார். ஈரமோ முள்ளோ, வெறுங்கால்.

எங்கள் சபைத் தாத்தா நல்ல ஆட்டக்காரர். மற்ற சபையில் எல்லாம் குதிப்பார்கள், அவ்வளவுதான். இவர் இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மற்றக் கையைக் காற்றில் எதையோ வரைகிற மாதிரி வீசி ஆடுவார். பாட்டு முடிந்ததும் நெஞ்சில் கை வைத்து ஒரு கும்பிடு. வருஷா வருஷம் அதே ஆள்தான் என்று எனக்குத் தெரியும். எப்படி? கேட். அந்தக் கூட்டத்தில் எல்லாரும் உன்னை மாதிரி ஆட்டிக்கொண்டு நிற்பார்கள். தாத்தா மட்டும் வந்தார் என்றால் முழங்காலைக் கொடுத்து, தூக்கி, சத்தமே இல்லாமல் திறந்துவிடுவார். ‘இந்தக் கூட்டத்தில் மூளை உள்ளவர் தாத்தா ஒருத்தர்தான்’ என்று நான் வாசலில் நின்றே சொல்வேன். கேரல் கேப்டன் ராபின்சன் அப்படிச் சிரிப்பான். பாட்டுக்காரப் பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எனக்குக் கொஞ்சம் நகைச்சுவையான வாய் என்று ஊரில் பேர் உண்டு.

என் வருத்தம் என்ன தெரியுமா? வருஷத்தில் ஒருநாள், கேரல் வருகிற அன்றைக்கு, குடும்பமாக வாசலில் நிற்பதுதான் மரியாதை. எதிர்வீட்டில் மாமனார், மாமியார், பேரன் பேத்தி என்று போட்டோ எடுக்கிற மாதிரி நிற்பார்கள். இங்கே நானும் அஜினும். அவன் வேலைக்குப் போன பிறகு நான் மட்டும். இவர் எங்கே? ஜெனரேட்டர் பார்க்கப் போயிருக்கிறார். ‘லாரியில ஜெனரேட்டர் பார்க்க ஆள் வேணும் ஐடா’ என்பார். மத்தியானமே போய்விடுவார். ஒரு வருஷமாவது நம் வாசலுக்கு லாரி வரும்போது இறங்கி வந்து என் பக்கத்தில் நில்லுங்கள் என்றால், ‘அந்த நேரத்துல விட்டுட்டு வர முடியாதே’ என்பார். திரும்பி வரும்போது தலையோடு காலாக வேர்த்திருக்கும். டிசம்பர் குளிரில்! ஜெனரேட்டர் சூடு என்பார். அப்படி என்ன ஜெனரேட்டர்?

ஒருதரம் நானே தெருமுனை வரை போய் எட்டிப் பார்த்தேன். லாரியில் யாரோ ஒரு மீசைக்காரன் ஜெனரேட்டர் மேல் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தான். இவரைக் காணோம். வேலையை ஒப்புக்கொண்டு அதையும் அடுத்தவன் தலையில் கட்டிவிட்டு எங்கேயோ டீ குடிக்கப் போய்விட்டார். ஆரம்பித்ததை முடிக்காத மனுஷன்.

அதனால் தாத்தா வந்து நிற்கும்போது நான் அவரிடம்தான் குறை சொல்வேன். ராபின்சனிடம் சொன்னால் பதில் பேசுவான். தாத்தா பேச மாட்டார், தலையை மட்டும் ஆட்டுவார். ‘ஏ தாத்தா, நீராவது வருஷத்துக்கு ஒருதரம் என் வாசலுக்கு வாறீரு. எங்க வீட்டுல ஒருத்தர் இருக்காரு, இந்தச் சாஞ்ச கேட்ட நிமித்தத் துப்பில்ல’ என்பேன். ஓ என்று சிரிப்பார்கள். தாத்தா தலையாட்டுவார். ‘உம்மைக் கட்டியிருந்தாலாவது வீட்டுல ஒரு ஆட்டம் பாட்டம் இருந்திருக்கும்’ என்றேன் ஒரு வருஷம். ராபின்சன் சிரித்த சிரிப்பில் ஆர்மோனியத்தைக் கீழே போட்டுவிட்டான். தாத்தா குனிந்து கும்பிட்டார்.

பேசினாலும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டேன். முந்திரிக்கொத்து கொடுப்பேன். தெரியுமா உனக்கு? பயறும் வெல்லமும் தேங்காயும் உருட்டி, மாவில் முக்கி, மூன்று மூன்றாக ஒட்ட வைத்துப் பொரிக்கிறது. இந்த ஊர்க் கிறிஸ்துமஸ் அதில்தான் இருக்கிறது. கூட்டத்துக்கு எல்லாம் தட்டில் வைத்து நீட்டுவேன். தாத்தாவுக்கு மட்டும் என் கையால், இருப்பதில் பெரியதாக. வேர்க்க விறுவிறுக்க ஆடுகிறாரே, பாவம். முகமூடியோடு சாப்பிட முடியாது, கோட்டுப் பையில் போட்டுக்கொள்வார். அவர் வாங்குகிற விதம் இருக்கிறதே, இரண்டு கையையும் சேர்த்து, கோயிலில் திருவிருந்து அப்பம் வாங்குகிற மாதிரி வாங்குவார்.

வீட்டில் இவருக்கு இனிப்பு கிடையாது. சர்க்கரை. நான் கண்டிப்பு. டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவேன், கிறிஸ்துமஸ் ஆனாலும் சரி. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ரஸ்க் தின்பார். அப்படி இருந்தும் கேரல் முடிந்த மறுநாள் சட்டையைத் துவைக்க எடுத்தால் பையில் வெல்லத் தூள் இருக்கும். எறும்பு வரிசையாகப் போகும். ‘கேரல்காரனுக எதைக் கொடுத்தாலும் வாங்கித் திம்பீரா?’ என்று கேட்டால், ‘ஒரு வீட்டுல பிரியமா கொடுத்தாங்க ஐடா, வேண்டாம்னு சொல்ல முடியல’ என்பார். எந்த வீட்டில் எவள் கொடுத்தாளோ! சர்க்கரைக்காரருக்கு இனிப்பு கொடுக்கிறவளுக்கு அறிவு வேண்டாம்?

நீ ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டாய்? ரெக்கார்ட் ஆகிறதா? சரி.

அவர் உயிரோடு இருந்த கடைசி டிசம்பர். அந்த வருஷம் எனக்கு முழங்கால் வலி, அஜினுக்கு லீவு கிடைக்கவில்லை, நட்சத்திரத்தில் பல்பு எரியவில்லை. எரிச்சலில் இருந்தேன். கேரல் வந்தது, தாத்தா கேட்டைத் திறந்து வந்தார். நடையில் ஏறி, அந்தச் செடிச்சட்டிக்குப் பக்கத்தில் நின்றார், எப்போதும் நிற்கிற இடம். முந்திரிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு வழக்கம் போலச் சொன்னேன். ‘இன்னைக்கும் ஆளக் காணல தாத்தா. அந்த மனுஷன் ஒருநாள் பொட்டுன்னு போயிட்டாக்கூட இந்த வீட்டுல ஒரு வித்தியாசமும் தெரியாது’ என்றேன். பேச்சுக்குச் சொல்வதுதானே. எல்லா வீட்டிலும் பெண்கள் சொல்வதுதான். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. ராபின்சன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான், அவனுக்கு ஏதோ காய்ச்சல் போல. தாத்தா நீட்டின கை நீட்டினபடியே இருந்தது. நான்தான் உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கி விட்டேன். பிறகு ஆடினார். பாட்டு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் டிரம் மட்டும் அடித்தார்கள், அவர் ஆடிக்கொண்டே இருந்தார். நல்ல ஆட்டம்.

ஆகஸ்டில் இவர் போய்விட்டார்.

காப்பி ஆறுகிறது, குடி.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு வீட்டை ஒழித்தேன். லாஃப்டில் அவருடைய வரைபடச் சுருள்களுக்குப் பின்னால் ஒரு ரெக்ஸின் பை. திறந்தால் சிவப்புக் கோட்டு, தாடி, முகமூடி, ஒரு தலையணை. எனக்கு வந்த கோபம்! ஜெனரேட்டர் போதாது என்று தாத்தாவின் உடுப்பையும் பத்திரப்படுத்தி வைக்கிற வேலையை இவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். கேட்டதற்கெல்லாம் சரி சரி என்கிற ஆள் என்றால் யார்தான் கட்ட மாட்டார்கள்? அந்தத் தலையணையை நான் வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தேன், எங்கள் வீட்டுத் தலையணை. தாடியையும் முகமூடியையும் குப்பை வண்டியில் போட்டேன். கோட்டு நல்ல வெல்வெட், வீணாக்குவானேன்? வெட்டி நாற்காலி உறை தைத்தேன். நீ உட்கார்ந்திருப்பதும் அதுதான். ஒரு பையை மட்டும் வெட்டாமல் விட்டேன், டி.வி. ரிமோட் வைக்கலாம் என்று.

எழுந்திருக்காதே. உட்கார். துணிதானே.

நவம்பரில் ராபின்சன் வந்தான். ‘மைனி, அண்ணன்கிட்ட ஒரு பை இருந்துச்சு...’ என்று ஆரம்பித்து, அப்படியே நாற்காலியைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு கிட்டே போய் அந்த உறையைத் தடவினான். கண் எல்லாம் நிறைந்துவிட்டது. சபைச் சொத்தை வெட்டிவிட்டாளே என்று வயிற்றெரிச்சல். ‘வேணும்னா புதுத் துணிக்கு நான் தாறேன்டே’ என்றேன். ‘அதெல்லாம் வேண்டாம் மைனி’ என்றான். காப்பியைத் தொடாமல் போய்விட்டான்.

இப்போது நான் சொல்லப் போவதை எழுதுவாயோ மாட்டாயோ, அது உன் இஷ்டம். போன டிசம்பர். இங்கெல்லாம் ஒரு வழக்கம் இருக்கிறது. துஷ்டி, அதுதான் சாவு, நடந்த வீட்டில் அந்த வருஷம் கிறிஸ்துமஸ் கிடையாது. நட்சத்திரம் தொங்காது, பலகாரம் சுட மாட்டோம். கேரல்காரர்கள் டிரம்மைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, கேட்டுக்கு வெளியே நின்று ஒரே ஒரு பாட்டு, மெதுவாக. ஜெபம். போய்விடுவார்கள். தாத்தா உள்ளே வர மாட்டார்.

விளக்கு வைக்கிற நேரம். தூறிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை. நான் இந்த சிட்-அவுட்டில்தான் இருந்தேன், கிரில்லுக்கு உள்ளே. டிரம் சத்தம் வந்துகொண்டே இருந்து தெருமுனையில் நின்றது. இப்போது வருவார்கள், கேட்டைப் பிடித்து ஆட்டுவார்கள் என்று காத்திருந்தேன். ஆட்டவில்லை. ஒரு சத்தமும் இல்லை. தலையைத் தூக்கினால் நடையில், செடிச்சட்டிக்குப் பக்கத்தில், தாத்தா நிற்கிறார்.

அதே சிவப்பு. அதே முகம். வெறுங்கால்.

எனக்குப் பயமில்லை. வழி தெரியாமல் உள்ளே வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மேலே பார்த்தார், நட்சத்திரம் தொங்கவிடுகிற கொக்கியை. ‘ஸ்டார் போடல தாத்தா, துஷ்டி வீடு’ என்றேன். தலையாட்டினார். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நாக்கு இருக்கிறதே, பழகின தடத்தில்தான் ஓடும். ‘ஆளும் இல்ல, வழக்கம் போல’ என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார்.

பலகாரம் சுடவில்லையே. துஷ்டி வீட்டில் என்ன இருக்கும்? எழுந்து உள்ளே போய் அலமாரியைத் திறந்து பார்த்தேன், டப்பா காலி. ஒரு துண்டு வெல்லமாவது எடுத்துக்கொண்டு வருவோம் என்று இருட்டில் அடுக்களையில் துழாவினேன். கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. வெறுங்கையோடு வந்து, ‘ஒண்ணும் இல்ல’ என்றேன். கை நீட்டினபடியே இருந்தது. கொஞ்சம் பொறுத்து மடக்கிக்கொண்டார். நெஞ்சில் வைத்து ஒரு கும்பிடு. ஆடவில்லை. இறங்கிப் போய், முழங்காலைக் கொடுத்து, கேட்டைத் தூக்கி, சாத்திவிட்டுப் போனார்.

அதற்கப்புறம்தான் கேரல்காரர்கள் வந்தார்கள். கேட்டுக்கு வெளியே நின்று பாடினார்கள். பாட்டு முடிந்ததும் நான் குடையைப் பிடித்துக்கொண்டு போய், ‘எதுக்குடே உங்க தாத்தாவத் தனியா முன்னால விட்டீங்க?’ என்று கேட்டேன். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ‘மைனி, இந்த வருஷம் நாங்க தாத்தா போடலியே’ என்றான் ராபின்சன். ‘ஏன் போடல?’ என்றேன். ‘அண்ணன் தவறின வருஷத்துல எப்படி மைனி...’ என்றான். ஒரு பெண் அழ ஆரம்பித்துவிட்டாள்.

நீயே சொல். ஜெனரேட்டர் பார்க்கிறவர் செத்தால் ஜெனரேட்டரை நிறுத்து. தாத்தாவை ஏன் நிறுத்த வேண்டும்?

நான் சும்மா விடவில்லை. மறுநாள் அடுத்த தெருச் சபையில் போய்க் கேட்டேன். அவர்கள் தாத்தா லாரியை விட்டு இறங்கவே இல்லையாம், ஆள் குட்டை வேறு. ரோமன் கத்தோலிக்கர் பங்குக் கோயிலில் கேட்டேன், அவர்கள் அன்றைக்கு வரவே இல்லை. என் நாத்தனார் லில்லி வந்திருந்தாள். ‘ஐடா, உனக்கு நெஜமாவே தெரியாதா? சபை பூரா...’ என்று இழுத்தாள். ‘வாய மூடு லில்லி’ என்றேன். மூடிக்கொண்டாள். இன்றுவரை அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஏன் என்றால் யோசித்துப் பார். நீ படித்த பிள்ளை. அது அவராக இருந்தால், நான் அந்த நடையில் நின்று சொன்னதை எல்லாம் வருஷா வருஷம் கேட்டுக்கொண்டு நின்றிருக்க வேண்டும். இல்லையா? துப்பில்லாதவர் என்றதை, இருந்தும் பிரயோஜனம் இல்லை என்றதை. அந்தக் கடைசி வருஷம் சொன்னதை. அதையெல்லாம் கேட்ட மனுஷன் அடுத்த வருஷமும் கோட்டைப் போட்டுக்கொண்டு அதே வாசலுக்கு வருவானா? வந்து ஆடுவானா? கையை நீட்டி வாங்கிக்கொள்வானா? ரோஷம் உள்ள எவனும் வர மாட்டான். அதனால் அது அவர் இல்லை. கணக்குச் சரியாக இருக்கிறதா, இல்லையா?

அப்படிப் பார்க்காதே. ஏதாவது கேள். டிசம்பரைப் பற்றிக் கேள்.

அந்த டப்பாவா? ஆமாம், முந்திரிக்கொத்துதான், நேற்றுச் சுட்டேன். உனக்குத் தட்டில் வேறு வைத்திருக்கிறேன், இதோ எடுத்துக்கொள். டப்பாவில் இருப்பதைத் தொடாதே. மேலே இருப்பது பெரியது. அது கேரலுக்கு. கூட்டத்துக்கு நாலு கிலோ தனியாக இருக்கிறது. இது வேறு. இல்லை, பூட்டவில்லை. அலமாரிச் சாவியை எங்கேயோ வைத்துவிட்டேன், தேடவும் இல்லை.

முந்தாநாள் ராபின்சன் வந்து சொன்னான், ‘மைனி, இந்த வருஷம் புதுத் தாத்தா, புது உடுப்பு, நம்ம வீட்டுக்கும் உள்ள வந்து ஆடச் சொல்லவா?’ என்று. வேண்டாம் என்றேன். உங்கள் தாத்தா தெருவில் நின்றே ஆடட்டும். என் கேட்டை அவருக்குத் திறக்கத் தெரியாது. ஆட்டுவார். ஆட்டினால் எனக்கு ஒன்றும் இல்லை, யார் ஆட்டினாலும் பயமில்லை. தபால்காரர் ஆட்டுகிறார், பால்காரி ஆட்டுகிறாள், நல்லது, மனுஷர்கள் என்று தெரிகிறது. சாயங்காலம் தூறல் விழும்போது அது சத்தம் போடாமல் இருக்கிறதே, அப்போதுதான் நான் இந்த கிரில்லுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

கேள், இப்போது ஆட்டுகிறார்கள் பார். யாரது?

‘அம்மா, ரசல். வெல்டிங் ரசல். அஜின் தம்பி போன் பண்ணிச்சு. புது கேட்டுக்கு அளவு எடுக்கணும். தொறங்கம்மா.’

‘இப்ப ஒண்ணும் எடுக்காண்டாம். பெறவு வா.’

‘பெறவுன்னா? அஜின் தம்பி கிறிஸ்துமஸுக்கு முன்னால போட்டிரணும்னு...’

‘அவன் பெங்களூருல இருந்து சொல்லுவான். கிறிஸ்துமஸ் கழிஞ்சு வா.’

‘நல்லா இருக்கும்மா! அண்ணாச்சி இருக்கும்போது நீங்கதான என் பட்டறைக்கு வந்து கத்துவிய? எப்படே கேட்ட மாத்தப் போறன்னு. இப்ப நானா வந்தா...’

‘மாத்தாண்டாம்ங்கேன். ஒருக்கச் சொன்னா கேக்கமாட்டியாடே? போ.’

போய்விட்டான். முணுமுணுத்துக்கொண்டு போகிறான், போகட்டும்.

நீயும் கிளம்பு, பொழுது போகிறது. எழுதிக்கொண்டாயா எல்லாம்? சவேரியார் கோயில், சுசீந்திரம் தேர், குடில், அசனம், கேரல். தாத்தா யார் என்று கேட்டு எழுதாதே, அது வழக்கம் இல்லை. நாளைக்கு வருவதானால் வா. வந்தால் இங்கே நிற்காதே, எதிர்வீட்டு வாசலில் நின்று பார். இந்த நடையில் என் பக்கத்தில் இடம் வேண்டும்.

மழை வருகிறது. குடை இருக்கிறதா? சரி. போகும்போது கேட்டைத் திறந்தபடி போட்டுவிட்டுப் போகாதே, நன்றாகச் சாத்து. திறக்கத் தெரிந்தவர் திறந்துகொள்வார்.